கொலையாளி இந்த வீட்டுக்குள்தான்: பழைய துப்பறியும் கதைகளை ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்?

கோடைமழை

போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அகதா கிறிஸ்டியின் ‘குரூக்கட் ஹவுஸ்’ நாவலை மூன்றாம் முறையாகப் படித்தேன். 1949-இல் வந்தது. கொலையாளி யாரென்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் எந்தத் துப்பு ஒளிந்திருக்கிறது என்பதுகூட ஏறக்குறைய நினைவிருக்கிறது. ஆனாலும் ராத்திரி ஒரு மணி வரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. விடை தெரிந்துபோன விடுகதையில் அப்படி என்ன மிச்சமிருக்கிறது? இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய வீடு. துருக்கியின் ஸ்மிர்னா நகரத்திலிருந்து வந்து உணவகங்கள் நடத்திப் பணக்காரரான கிழவர் லியோனிடிஸ், அவருடைய இளம் இரண்டாம் மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், இறந்துபோன முதல் மனைவியின் சகோதரி என எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. கிழவருக்கு இன்சுலின் ஊசி போடவேண்டும். ஒருநாள் இன்சுலின் குப்பியில் இன்சுலினுக்குப் பதில் அவருடைய கண் சொட்டுமருந்து இருக்கிறது. இரண்டுமே அந்த வீட்டில் எப்போதும் இருக்கிற பொருள்கள். கடைக்குப் போகவேண்டிய அவசியம்கூடக் கொலையாளிக்கு இல்லை.

பேத்தி சோஃபியா காதலனிடம் சொல்கிறாள்: உண்மை தெரியும்வரை நம் கல்யாணப் பேச்சு வேண்டாம். அதோடு இன்னொன்றும் சொல்கிறாள். ‘சரியான’ ஆள் செய்திருந்தால் பரவாயில்லை என்று. வீட்டில் எல்லாருக்கும் அந்தச் ‘சரியான’ ஆள் யாரென்று தெரியும். வெளியிலிருந்து வந்த அந்த இளம் மனைவி. அவளாக இருந்துவிட்டால் குடும்பம் பிழைத்துவிடும்.

எனக்கு அந்த இடம் மனதை என்னவோ செய்தது. ஏன் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். பாட்டி வீட்டில் ஒரு விசேஷம். சித்தியின் வைரத்தோடு ஒன்று காணாமல் போனது. பதினோரு நாள் தேடினார்கள். முதல் நாள் எல்லாரும் சேர்ந்து தேடினோம். மூன்றாம் நாளிலிருந்து அவரவர் அறைக்குள் தனித்தனியாகத் தேடினார்கள். அப்புறம் யாரும் யாரிடமும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் அத்தை தன் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருக ஆரம்பித்தார். பெரியப்பா சாப்பிட வந்தால் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். கடைசியில் பாத்திரம் தேய்க்க வந்த அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே வீடு பழையபடி கலகலப்பாகிவிட்டது. தோடு பன்னிரண்டாம் நாள் தலையணை உறையின் மடிப்பில் கிடைத்தது. அந்த அக்கா திரும்ப வரவில்லை.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான். வீட்டுக் கொலைக் கதையில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி வைத்துத் துப்பறிபவர் பேசுகிறாரே, அங்கே பிடிபடுகிறவர் ஒருவர். விடுபடுகிறவர்கள் எட்டுப் பேர். நான் அந்த எட்டுப் பேருக்காகத்தான் படிக்கிறேன் போலிருக்கிறது. உங்களுக்கு எப்படி?

பழையபுத்தகம்

கோடைமழை அக்கா, நல்ல கேள்வி. இந்த வகைக் கதையின் வேரே நீங்கள் சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது. வேர் ஒரு நிஜமான கொலை.

1860 ஜூன் 29 இரவு. இங்கிலாந்தில் ரோட் என்ற கிராமத்தில் ரோட் ஹில் இல்லம். தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட் குடும்பத்தோடு அங்கே இருந்தார். இரண்டாம் மனைவி, மூத்தாள் பிள்ளைகள், இளையாள் பிள்ளைகள், வேலைக்காரப் பெண்கள். மறுநாள் காலை மூன்று வயது மகன் (பெயர் சாவில்) படுக்கையில் இல்லை. தோட்டத்துக் கழிப்பறையில் கழுத்து அறுபட்ட உடலைக் கண்டெடுத்தார்கள். வீட்டுக் கதவுகள் இரவு பூட்டியபடி இருந்தன. வரவேற்பறை ஜன்னல் மட்டும் உள்ளிருந்து திறக்கப்பட்டிருந்தது.

உள்ளூர் போலீஸ் முதலில் யாரைச் சந்தேகித்தது தெரியுமா? குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாவை. உங்கள் பாட்டி வீட்டுக் கதைதான்.

பிறகு லண்டனிலிருந்து ஜொனாதன் விச்சர் என்ற துப்பறியும் அதிகாரி வந்தார். அவர் ரத்தக் கறையையோ கத்தியையோ பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. சலவைக்குப் போன துணிக் கணக்கை எடுத்துப் பார்த்தார். மூத்தாள் மகள் கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடைகள் இருக்கவேண்டும், ஒன்று குறைந்தது. பதினாறு வயதுப் பெண். அவளைக் கைது செய்தார். ஊரே கொதித்தது. ஒரு கண்ணியமான வீட்டுக்குள் புகுந்து, பெண் பிள்ளையின் உள்ளாடைகளை எண்ணிப் பார்க்க ஒரு போலீஸ்காரனுக்கு என்ன உரிமை என்று பத்திரிகைகள் எழுதின. அவள் விடுதலையானாள், விச்சரின் பெயர் கெட்டது. ஐந்து வருடம் கழித்து, 1865-இல், கான்ஸ்டன்ஸ் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

1868-இல் ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸ் ‘மூன்ஸ்டோன்’ நாவலை எழுதியபோது அந்த இரவு உடை அதற்குள் போய்விட்டது. ரத்தத்துக்குப் பதில் கதவில் பூசிய ஈரப் பெயிண்டின் கறை. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டுக் கொலைக் கதையில் துப்பு என்றால் சலவைத் துணி, காபிக் கோப்பை, அணைந்துபோன கணப்பு மாதிரி சாமான்கள்தான். தினமும் பார்க்கிற பொருள் என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ராத்திரிவாசகன்

எனக்கு வரைபடம். அவ்வளவுதான். கிறிஸ்டியின் ‘ஸ்டைல்ஸ்’ நாவலில் படுக்கையறைகளின் வரைபடம் உள்ளே இருக்கும். எந்த அறைக்கும் எந்த அறைக்கும் நடுவே கதவு, எந்தப் பக்கம் தாழ்ப்பாள். கல்லூரி நாட்களில் அதை நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொருவரையும் நடக்கவிட்டுப் பார்ப்பேன். நகரத்தில் நடக்கிற கொலையில் கொலையாளி எங்கே வேண்டுமானாலும் போகலாம். வீட்டில் அவர் நடந்தால் படிக்கட்டு முனகும்.

கரிசல்காட்டான்

நான் மாறுபடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கதைகளை நானும் ஒரு காலத்தில் வாடகை நூலகத்தில் எடுத்து அடுக்கடுக்காகப் படித்தவன்தான். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். இருபது அறை வீடு, பரம்பரைப் பணம், அதைப் பங்கு போடக் காத்திருக்கும் வேலையற்ற பிள்ளைகள். நாலு பேர் இரவு பகலாக உழைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பே எரியும். அந்த நாலு பேர் கதையில் எப்படி வருகிறார்கள்? தட்டோடு வருவார்கள், தட்டோடு போவார்கள். விசாரணையில் ‘எட்டு மணிக்கு மணி அடித்தது ஐயா’ என்று ஒரு வரி சொல்லுவார்கள். அவர்களுக்கு ஊர் கிடையாது, துக்கம் கிடையாது.

அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் ஒரு கட்டுரையில் இந்த வகை ஆங்கிலக் கதைகளை நேருக்கு நேர் தாக்கினார். ஹாமெட் மாதிரி எழுத்தாளர்கள் வந்துதான் கொலையை, உண்மையிலேயே காரணத்தோடு கொலை செய்கிற மனிதர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது அவர் கட்சி. நான் இன்றும் அவர் பக்கம்தான்.

கோடைமழை சகோதரி எட்டுப் பேர் விடுபடுகிறார்கள் என்கிறார். அந்த எட்டில் பாத்திரம் தேய்த்த அக்கா உண்டா என்பதே என் கேள்வி.

தேநீர்நேரம்

கரிசல்காட்டான் அண்ணனுக்கு ஒரு பதில். பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி இல்லை.

‘ஸ்டைல்ஸ்’ கிறிஸ்டியின் முதல் நாவல். முதல் உலகப் போரின்போது டார்கீ என்ற ஊரில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார், 1920-இல் வெளிவந்தது. துப்பறிபவர் பொய்ரோ அங்கே விசாரிக்கும் விதத்தைப் பாருங்கள். பெரிய மனிதர்களிடம் பேசுவதைவிட டோர்காஸ் என்ற பழைய வேலைக்காரப் பெண்மணியிடம் அதிக நேரம் பொறுமையாகப் பேசுகிறார். எஜமானியம்மாள் கோபமாகப் பேசிய சத்தம் எப்போது கேட்டது, என்ன உடை அணிந்திருந்தார், காபியை யார் எங்கே வைத்தார்கள். அந்த வீட்டின் முழு நாளும் அவர் தலைக்குள் இருக்கிறது. அன்று கடும் வெயில் நாள், அப்படியிருந்தும் எஜமானியம்மாள் தன் அறையில் கணப்பு மூட்டச் சொன்னார் என்பது வேலைக்காரர்களுக்குத்தான் தெரியும், ஏனென்றால் விறகு வைத்தது அவர்கள். அந்த ஒரு கணப்பில்தான் ஓர் உயில் எரிந்திருக்கிறது.

ஆக, வீட்டின் உண்மை அவர்களிடம் இருக்கிறது என்பதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களுடைய துக்கத்தை எழுதவில்லை என்பது வேறு குறை. அதில் உங்களோடு நிற்கிறேன்.

விஷம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1851-இல் ஆர்சனிக் விற்பனைக்குச் சட்டம் போட்டார்கள். விற்பவர் பதிவேட்டில் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். சர்க்கரை, மாவு என்று நினைத்து யாரும் கலந்துவிடாதபடி கரிப்பொடியோ அவுரியோ சேர்த்து நிறம் மாற்றி விற்கவேண்டும். அடுப்படியில் விஷம் எவ்வளவு சாதாரணமாகக் கிடந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. பிற்காலக் கதைகளில் மருந்துக் கடைப் பதிவேட்டுக் கையெழுத்து ஒரு துப்பாக வருகிறதே, ‘ஸ்டைல்ஸ்’ உட்பட, அதெல்லாம் இந்த மாதிரிச் சட்டங்கள் கொடுத்த வரம்.

வக்கீல்குமாஸ்தா

உயில் என்ற வார்த்தை வந்ததால் உள்ளே வருகிறேன். முப்பது வருடமாகச் சொத்து வழக்குக் கட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். இந்தக் கதைகளின் உயிர்நாடி ஆங்கிலேய வாரிசுச் சட்டத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

நம்மிடம் மிதாட்சரா என்ற இந்துச் சட்ட முறையில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு, 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும். தாத்தா சொத்தை அப்பா தன் இஷ்டத்துக்கு மொத்தமாக எழுதிவைக்க முடியாது. சுய சம்பாத்தியத்தையும் பூர்வீகச் சொத்தில் தன் பங்கையும் மட்டும்தான் உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் நம் வீடுகளில் சண்டை பாகப்பிரிவினையில் வரும், பங்காளிகளுக்கு நடுவில் வரும். பிரான்சிலும் பிள்ளைகளுக்கென்று சட்டம் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறது, அப்பா நினைத்தாலும் அதைத் தொடமுடியாது.

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அப்படி எந்தத் தடையும் இல்லை. கிழவர் நினைத்தால் மொத்தச் சொத்தையும் நர்ஸுக்கோ பூனைகள் காப்பகத்துக்கோ எழுதலாம். மனைவி மக்கள் நீதிமன்றம் போனால்கூடக் கிடைக்காது. 1938-இல்தான், மனைவிக்கும் தம்மைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனத்துக்கு வழி செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று சட்டம் வந்தது. அதுவும் வரம்புக்கு உட்பட்டுத்தான்.

அதே 1938-இல் வந்த நாவல் ‘ஹெர்க்யூல் பொய்ரோஸ் கிறிஸ்துமஸ்’. சிமியன் லீ என்ற கிழவர் பண்டிகைக்கு எல்லாப் பிள்ளைகளையும் வரவழைக்கிறார். அவர்கள் காதில் விழும்படியே வக்கீலுக்கு போன் போட்டு, உயிலை மாற்றவேண்டும், பண்டிகை முடிந்ததும் வாருங்கள் என்கிறார். அந்த ஒரு போன் அழைப்பில் மேஜையைச் சுற்றி இருக்கும் அத்தனை பேரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பிரான்சில் அதே போன் போட்டிருந்தால் பாதி மிரட்டலுக்குத்தான் உதவியிருக்கும். பேனா கிழவர் கையில் இருக்கிறவரை பிள்ளைகள் ஐம்பது வயதிலும் பிள்ளைகளாகவே இருக்கவேண்டிய கட்டாயம். சம்பளம் வாங்குகிற மகனுக்கும் அப்பா முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு. இந்த அடிமைத்தனத்தைக் கிறிஸ்டி மாதிரி யாரும் எழுதவில்லை என்பது என் துணிபு. கரிசல்காட்டான் ஐயா, அந்த வேலையற்ற பிள்ளைகளை நீங்கள் வெறுக்கிறீர்கள். அலுவலகத்துக்கு வரும் வாரிசுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவர்கள்மேல் இரக்கம்தான் வருகிறது.

ஜப்பானிலும் இதே சூடு உண்டு. யோகோமிசோ செய்ஷி என்ற எழுத்தாளரின் இனுகாமி குடும்பக் கதை முழுக்க ஓர் உயில்தான். வளர்ப்புப் பெண் மாதிரி இருக்கும் ஒருத்தி மூன்று பேரன்களில் ஒருவனை மணந்தால் சொத்து அவளுக்கு. 1950-இல் தொடராக வர ஆரம்பித்தது. குடும்பத் தலைவரிடமிருந்து மூத்த மகனுக்கு மொத்தமும் போகிற பழைய முறையை அந்த நாடு 1947 சட்டத் திருத்தத்தில் அப்போதுதான் கைவிட்டிருந்தது. வாசகர்கள் எவ்வளவு நெஞ்சு பதறிப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பழையபுத்தகம்

வக்கீல்குமாஸ்தா சார், அருமை. இதை இத்தனை வருடத்தில் நான் இப்படி யோசித்ததே இல்லை.

நம் ஊர்ப் படம் ஒன்றையும் இங்கே சேர்க்கவேண்டும். ‘அந்த நாள்’, 1954, ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு ஒன்றுகூட இல்லாத தமிழ்ப் படம். 1943 அக்டோபர், சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு விழுகிறான். சந்தேகத்துக்குரியவர்கள் யார்? மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், அவனோடு தொடர்புள்ள ஒரு பெண். ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தைச் சொல்லச் சொல்ல, அதே வீடு ஒவ்வொரு முறையும் வேறு வீடாகத் தெரியும். அண்ணனிடம் தம்பி பங்கு கேட்கிற சண்டையும் அதில் உண்டு. சார் சொன்ன பாகப்பிரிவினை.

கோடைமழை

கரிசல்காட்டான் அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நேர்மையான பதில் ‘இல்லை’ என்பதுதான். எங்கள் வீட்டு எட்டில் அந்த அக்கா இல்லை.

கிறிஸ்டிக்கு இது தெரியாமல் இல்லை என்று நம்புகிறேன். ‘ஆர்டீல் பை இன்னொசென்ஸ்’ என்று 1958 நாவல் ஒன்று. தாயைக் கொன்றதாக ஒரு மகன் சிறைக்குப் போய் அங்கேயே இறந்துவிடுகிறான். வருடங்கள் கழித்து ஒருவர் வந்து, அவன் நிரபராதி, சம்பவ நேரத்தில் என்னோடு காரில் வந்தான் என்கிறார். குடும்பம் சந்தோஷப்படும் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். அவர்கள் முகம் வெளுத்துப்போகிறது. அவன் இல்லையென்றால் இப்போது இந்த அறையில் இருக்கிற ஒருவர். தனக்குப் பிடித்த நாவல்கள் என்று கிறிஸ்டி சொன்னவற்றில் இதுவும் ‘குரூக்கட் ஹவுஸு’ம் உண்டு. இரண்டிலும் ஒரே காயம்.

உங்களுக்கு ஒரு புத்தகம் சிபாரிசு செய்கிறேன். ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’, 1953. ஒரே ஒரு வாரம் ஒதுக்குங்கள். படித்துவிட்டு இங்கே வந்து திட்டுங்கள்.

ராத்திரிவாசகன்

அதில் மார்மலேடு, அந்த ஆரஞ்சு ஜாம்! காலைச் சிற்றுண்டி மேஜையில் ஒருவர் மட்டுமே சாப்பிடுகிற பாட்டில். வீட்டில் யாருக்கு எது பிடிக்கும் என்பதைத் தெரிந்த ஆளால்தான் அதில் விஷம் கலக்க முடியும்.

கரிசல்காட்டான்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். படித்து முடித்தேன்.

படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள். கொலையாளி பெயரைச் சொல்லமாட்டேன், ஆனாலும்.

யூட்ரீ லாட்ஜ் என்ற பணக்கார வீட்டில் கிளாடிஸ் என்று ஒரு வேலைக்காரப் பெண். அனாதை விடுதியில் வளர்ந்தவள். மாலைத் தேநீர் நேரம். முதல் தட்டைக் கொண்டுபோய் வைக்கிறாள். ரொட்டியும் கேக்கும் உள்ள இரண்டாவது தட்டு நடைக் கூடத்திலேயே நிற்கிறது. தட்டு வரவில்லையே, இந்தப் பெண் எங்கே போய்த் தொலைந்தாள் என்றுதான் வீட்டில் எரிச்சல். அவள் அந்நேரம் தோட்டத்துத் துணிக்கொடி ஓரத்தில் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள். மூக்கில் ஒரு துணி கிளிப் மாட்டியிருக்கிறது.

செய்தித்தாளில் இதைப் பார்த்துவிட்டு, துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள் ரயிலேறி வருகிறார். செத்துப்போன முதலாளிக்காக அவர் வரவில்லை. கிளாடிஸுக்கு வீட்டு வேலை பழக்கிக் கொடுத்தது அவர்தான். அந்த கிளிப்புக்காக வருகிறார். கொன்றதோடு நிற்காமல் ஒரு பெண்ணின் முகத்தை அப்படிக் கேலி செய்தவனை விடமுடியாது என்று அந்தக் கிழவிக்கு வருகிற கோபம் சாதாரணக் கோபம் இல்லை. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது வரவில்லை.

நடைக் கூடத்தில் நின்றுபோன அந்தத் தட்டை நான் இருபது வயதில் படித்திருந்தால் துப்பு என்று மட்டும் குறித்துக்கொண்டு போயிருப்பேன்.

என் பழைய குறையை முழுதாக வாபஸ் வாங்கவில்லை. எத்தனையோ கதைகளில் எத்தனையோ பேர் தட்டோடு வந்து தட்டோடு போயிருக்கிறார்கள். ஆனால் கடைசி அத்தியாயம் என்னைத் தூங்கவிடவில்லை. எல்லாம் முடிந்து மிஸ் மார்பிள் வீடு திரும்புகிறார். முகவரி மாறி அலைந்து தாமதமாக வந்த ஒரு கடிதம் அவருக்காகக் காத்திருக்கிறது. கிளாடிஸ் எழுதியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை அம்மா, நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

கோடைமழை சகோதரி, அடுத்து அந்த 1958 நாவலை எடுத்திருக்கிறேன்.

கோடைமழை

நன்றி அண்ணா. நேற்று அம்மாவுக்கு போன் செய்து பாட்டி வீட்டு அக்காவின் பெயரைக் கேட்டேன். செல்லம்மா. எனக்கு அதுவரை தெரியாது.